ராய்த்தா யாருடைய சாப்பாடு? கடுகு சொல்லும் கதை



வெயில் கொளுத்தும் நாட்கள் இவை. கல்யாண வீட்டுப் புரியாணி ஸஹனில் மலே அச்சாறு, புதினாச் சம்பல் பக்கத்தில் இப்போது ராய்த்தாக் கிண்ணமும் வருகிறது. தயிருக்குள் வெள்ளரி, வெங்காயம், சில வீடுகளில் அன்னாசி, மாதுளை. அதைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இது முகலாயர் இந்தியாவுக்குக் கொடுத்த சாப்பாடு." எம்மில் பலர் தலையாட்டிவிட்டு அடுத்த பிடியை வாயில் வைக்கிறோம். வரலாறு படிப்பிப்பவர்கள் என்ற வகையில் இந்தக் கூற்றைச் சும்மா விட எமக்கு மனமில்லை. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பாபரிடமே கேட்போம். 1526இல் பானிப்பட்டில் வென்று இந்தியாவில் முகலாய ஆட்சியைத் தொடங்கியவர் அவர். தன் நினைவுக் குறிப்பில் இந்தியாவைப் பற்றிக் குறைகளை அடுக்குகிறார். நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த தண்ணீர் இல்லை, கடைத்தெருவில் நல்ல ரொட்டி இல்லை. பிறகொரு நாள் காபூல் பக்கத்திலிருந்து வந்த முலாம்பழம் ஒன்றை வெட்டும்போது ஊர் நினைவு வந்து அழுதும்விட்டார். இந்தியாவின் வெயிலுக்கு எதைச் சாப்பிட்டுத் தாங்குவது என்று அறியாமல் வந்தவர் பாபர். அந்த வெயிலோடு வாழ்ந்த மக்கள் அதற்கு முன்பே வழி கண்டிருந்தார்கள். அந்த வழியின் அடையாளம் ராய்த்தாவின் பெயரிலேயே இருக்கிறது.

ஹிந்தியில் கடுகுக்கு "ராய்" என்று பெயர். ராய்த்தா என்ற பெயரை மொழியறிஞர்கள் இந்தச் சொல்லோடுதான் சேர்த்துக் காட்டுகிறார்கள். எமது ஹோட்டல் ராய்த்தாவில் கடுகே இருக்காது. ஆனால் குஜராத்தி வீடுகளில் வாழைப்பழ ராய்த்தா செய்யும்போது இன்றும் கடுகை இடித்துத் தயிரில் கலக்கிறார்கள். சின்ன இனிப்பு, சின்ன உப்பு, மூக்கில் ஏறும் கடுகின் காரம்.

தெற்கே கன்னடம் பேசும் கரையோரத்துக்குப் போங்கள். உடுப்பி, மங்களூர்ப் பக்கம் பழுத்த மாம்பழத்தையோ அன்னாசியையோ தயிர், தேங்காய், கடுகு சேர்த்து ஒரு கறி செய்வார்கள். அதன் பெயர் "சாசிவே". கன்னடத்தில் சாசிவே என்றாலே கடுகுதான்! இன்னும் தெற்கே கேரளத்தில் ஓணச் சாப்பாட்டு இலையில் அன்னாசிப் பச்சடி வரும். அதிலும் தேங்காயோடு கடுகு அரைத்து, கடைசியில் தயிர் விடுவார்கள். பெயர் வேறு, மொழி வேறு. ஆனால் பழம், தயிர், கடுகு என்ற மூன்றும் எங்கும் சேர்ந்தே நிற்கின்றன. ஒரு டில்லி அரண்மனையிலிருந்து இறங்கி வந்த சாப்பாட்டுக்கு இப்படி மொழிக்கு மொழி சொந்தப் பெயர் இருக்காது.

ஏன் கடுகு? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் கப்பல்களோடுதான் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன் காரம் வேண்டுமென்றால் மிளகு, இஞ்சி, கடுகுதான்.

பால், பழம், காரம் மூன்றையும் சேர்க்கும் பழக்கம் இன்னும் பழையது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை சங்க இலக்கியம். அதில் விருந்தினருக்கு மாதுளங்காயைப் பிளந்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் கலந்து, மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் சமைத்துக் கொடுக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய மானசோல்லாசம் அரச விருந்துகளை விவரிக்கிறது. துணியில் கட்டி நீர் வடித்த தயிரில் சர்க்கரையும் வாசனைப் பொருட்களும் சேர்க்கும் "சிகரிணி" அந்தக் காலத்துப் பண்டம். பாபர் பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கு மேல் முந்திய கதை இது.

இன்னொரு காரணத்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள். "ராவையில தயிர் சாப்பிடாதே" என்று எமது உம்மும்மாமார் அதட்டுவார்கள் அல்லவா? சரக சம்ஹிதையும் அதையே சொல்கிறது. தயிரை இரவில் உண்ணாதே. நெய், சர்க்கரை, பயற்றஞ்சாறு, தேன், நெல்லி என்று ஏதாவது ஒன்று சேராமல் வெறுமனே உண்ணாதே. வாக்பட்டரின் அஷ்டாங்க ஹிருதயம் ஒரு படி மேலே போய் வாழைப்பழத்தை மோரோடும் தயிரோடும் சேர்க்கவே கூடாது என்கிறது. குஜராத்திப் பெண்கள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை! கிழக்கில் தயிர்ச் சோற்றுக்குள் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசையும் எம்மவரும் கேட்கவில்லை. எமது யூனானி வைத்தியமும் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்துத்தான் பார்க்கிறது. தயிர் குளிர், கடுகும் பூண்டும் சூடு. ஒன்றின் குறையை மற்றது தீர்க்க வேண்டும் என்பதே கணக்கு. ராய்த்தா என்பது குளிர்ந்த தயிருக்குச் சூடான துணை சேர்த்த ஏற்பாடு.

அப்படியென்றால் முஸ்லிம்களுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.

1226இல் பக்தாதில் முஹம்மத் பின் ஹஸன் அல்-பக்தாதி ஒரு சமையல் நூல் எழுதினார். நீர் வடித்த தயிரில் புதினா முதலான கீரைகளை நறுக்கிப் போட்டு, உப்பும் அரைத்த கடுகும் சேர்த்து, மேலே வால்நட் பருப்பு தூவும் ஒரு தொடுகறி அதில் இருக்கிறது. கவனியுங்கள், அங்கேயும் கடுகு!

அதே பக்தாதின் கலீபா மஃமூன் 825இல் பூரான் என்ற பெண்மணியை மணந்தார். எமது ஊரில் பூரான் என்றதும் காலைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், இவர் அரசி. அவர் பெயரால் பூரானிய்யா என்ற கத்தரிக்காய்ப் பொரியல் உண்டானது. அந்தப் பெயர் பாரசீகத்துக்குப் போய் "பூரானி" என்ற தயிர்ப் பண்டமாக மாறியது. அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து, இன்று ஹைதராபாத் பிரியாணியோடு வைக்கும் பூண்டுத் தயிருக்கு "புர்ஹானி ராய்த்தா" என்று பெயர். பாரசீகப் பெண்ணின் பெயரும் ஹிந்திக் கடுகும் ஒரே கிண்ணத்தில்!

அக்பரின் அவையில் அபுல் பஸ்ல் எழுதிய ஆயினே அக்பரி, அரச உணவோடு தயிர்க் கிண்ணங்களும் ஊறுகாய், இஞ்சி, தேசிக்காய்த் தட்டுகளும் போனதைச் சொல்கிறது. 1586 முதல் வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி வந்ததையும், கோடையில் எல்லாத் தரத்தாரும் அதைப் பயன்படுத்தியதையும் அதே நூல் குறிக்கிறது. பாபர் ஏங்கிய குளிர்ந்த தண்ணீர் பேரன் காலத்தில் கிடைத்துவிட்டது. அடுத்து ஆண்ட ஜஹாங்கீர், ஆக்ராவின் குலப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அன்னாசி காய்த்ததைப் பெருமையாக எழுதுகிறார்.

அந்த அன்னாசியும் இந்தியாவுடையது அல்ல. தென்னமெரிக்கப் பழங்குடி மக்களின் பழம். அவர்கள் வைத்த பெயரைப் போர்த்துக்கேயர் "அனனாஸ்" என்று எடுத்துவந்தார்கள். நாம் அதை அன்னாசி ஆக்கினோம், சிங்களச் சகோதரர்களும் அன்னாசி என்றே சொல்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்? 2023இல் இந்தியாவின் 12ஆம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து முகலாய அவைகள் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். எமக்கெல்லாம் கவலை வந்தது, நியாயமான கவலை. ஆனால் "எல்லாம் முகலாயர் தந்தது" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாமும் சில பக்கங்களைக் கிழிக்கிறோம். காஞ்சியின் மாதுளையையும், கன்னடத்தாயின் கடுகையும், பெயர் தெரியாத அமெரிக்கத் தோட்டக்காரனையும் அழிக்கிறோம். மற்றவர் எமது பங்கை மறைக்கும்போது வலிக்கிறது என்றால், மற்றவரின் பங்கை நாம் மறைக்கக் கூடாது. இந்த நாட்டில் சாப்பாட்டை வைத்தே ஆட்களைப் பிரித்துப் பார்த்த காலத்தை நாம் கண்டவர்கள். "அவங்கட சாப்பாடு, எங்கட சாப்பாடு" என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னால், இந்தக் கிண்ணத்தின் கதையைச் சொல்லிக்கொடுங்கள்.

இனி, கதை கேட்ட வாய்க்கு ஏதாவது வேண்டுமே. அன்னாசிப் பச்சடி செய்முறை இதோ.

பாதி அன்னாசியைச் சிறு துண்டுகளாக வெட்டி, 2 பச்சை மிளகாய், ஒரு சிட்டிகை மஞ்சள், உப்பு, ஒரு தேக்கரண்டி சீனி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மெதுவாகும் வரை அவியுங்கள். அவிக்காமல் போட வேண்டாம். பச்சை அன்னாசியில் உள்ள ஒரு நொதியம் பாற்புரதத்தை உடைத்துத் தயிரைக் கசக்க வைக்கும், சூடு பட்டால் அது செயலிழக்கும். அரைக் கோப்பை தேங்காய்ப்பூவை அரைத் தேக்கரண்டி நற்சீரகத்தோடு அரைத்து, கடைசியில் அரைத் தேக்கரண்டி கடுகு போட்டு ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள். கடுகு அதிகம் அரைபட்டால் கசக்கும். இதை அன்னாசியில் சேர்த்து இரண்டு நிமிடம் சூடாக்கி இறக்குங்கள். நன்றாக ஆறிய பின் ஒரு கோப்பை எருமைத் தயிரை அடித்துக் கலக்குங்கள். சூட்டோடு தயிர் விட்டால் திரிந்துவிடும். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து மேலே விடுங்கள்.

அடுப்புப் பக்கம் போக முடியாத வெயிலா? குஜராத்தி முறைதான் இலகு. தயிரை அடித்து உப்பு, சீனி, இடித்த கடுகு, நறுக்கிய பச்சை மிளகாய் சேர்த்து அரை மணி நேரம் பிரிஜ்ஜில் வையுங்கள். பரிமாறும்போது வாழைப்பழத்தை வெட்டிப் போடுங்கள், முன்பே போட்டால் கறுத்துவிடும். மாதுளை முத்துகள் இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் தயிரோடு எந்தப் பழத்தைச் சேர்த்தார்கள், எதைச் சேர்க்க வேண்டாம் என்றார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள், இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரலாறு.