பழஞ்சீருடைகளும் நம் வரலாறும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். 1752-ஆம் ஆண்டு சூன் மாதம், அப்பகுதியில் தங்கியிருந்த பிரெஞ்சுத் தளபதி லா, தம் படையோடு ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். மறு ஆண்டு பொன்மலை அடிவாரத்தில் மீண்டும் போர் மூண்டது. இவற்றை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவன் ஒருவன் எழுந்து, "அப்போது நம்மவர்கள் எங்கே இருந்தார்கள், ஐயா?" என்று கேட்பான். பாடநூலில் அதற்கு விடை இல்லை. விடையில் ஒரு பகுதி நம் வீடுகளில், டிரங்குப் பெட்டிகளின் அடியில் கிடக்கிறது என்பதே யான் ஈண்டுச் சொல்ல விழைவது.

கும்பெனியார் சிப்பாய்களை முறையான பட்டாளங்களாக அமைக்கத் தொடங்கியது 1758-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆகும். 1780-இல் சென்னைப் பயனியர் கம்பெனிகள் இரண்டு தோன்றின. பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டுதல் ஆகியவை அவர்கள் பணி. பிற்காலத்தில் 'சென்னைச் சாப்பர்கள்' எனப் பெயர் பெற்ற படை இதுவே. இதில் பறையர் குலத்தார் பெருவாரியாகச் சேர்ந்திருந்ததை 1909-இல் வெளிவந்த தர்ஸ்டன் அவர்களின் தொகுப்பும் குறிப்பிடுகிறது. திருவரங்கத்து வாயிலில் வழிபட நிற்கவும் உரிமையற்றிருந்த ஒரு குலத்தார், அரசின் சட்டையை அணிந்து அணிவகுப்பில் தோளோடு தோள் நின்றனர். கோயில் நுழைவு மாநிலம் முழுமைக்கும் சட்டமானது 1947-இல்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சீருடை எத்துணை வலிமையுடையது என்பதற்கு வேலூர்க் கிளர்ச்சியே சான்று. 1805 நவம்பரில் படைத்தலைவர் கிரடாக், தோல் சேர்ந்த புதுவகைத் தலைப்பாகையை அணியுமாறும், நெற்றிக்குறியையும் கடுக்கனையும் நீக்குமாறும் ஆணையிட்டார். 1806 சூலை 10 அன்று விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கிகள் வெடித்தன. ஆங்கிலேயர் நூற்றுக்கு மேற்பட்டோரும் சிப்பாய்கள் பல நூற்றுவரும் மாண்டனர். ஆணை திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் 1807-இல் திருப்பியழைக்கப்பட்டனர். மதத்தில் தலையிட்டதே காரணம் என்று நூல்கள் கூறும், அது மெய்யே. ஆயினும் நெற்றிக்குறியை அழித்துவிட்டால் யார் இன்ன குலம் என்று தெரியாமற்போகும். அந்த அச்சமும் அக்கிளர்ச்சியில் கலந்திருக்குமோ என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு.

பின்னர் அரசின் போக்கு மாறிற்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைத்தலைவராயிருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்ற கொள்கையினர். வடநாட்டுக் குலங்களையே தேடிச் சேர்த்தனர். டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் இராணுவத்தில் சுபேதாராயிருந்தவர். அவருடைய மகார் இனத்தாருக்கும் 1890-களில் இதே கதவு அடைக்கப்பட்டது. நம் பக்கத்தில் சாப்பர்களும் பயனியர்களும் எஞ்சினர். 61-ஆம் பயனியர் படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா வரை சென்றது. 1933-இல் பயனியர் படைகள் அனைத்தும் கலைக்கப்பட்டன.

அவ்வாறு கலைக்கப்பட்டு ஊர் திரும்பியவர்களில் என் பாட்டனாரும் ஒருவர். காக்கிச் சட்டையோடு வந்தவர், மேலத்தெரு முனையில் அதைக் கழற்றிக் கைமேல் போட்டுக்கொண்டே நடந்தார் என்று என் தந்தையார் சொல்வதுண்டு. அதன்பின் அச்சட்டை பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அதன் பித்தளைப் பித்தான்களை அறுத்துக் காயலான் கடையில் போட்டுக் கடலை மிட்டாய் வாங்கித் தின்றவன் நான்தான். பித்தானில் என்ன பொறித்திருந்தது என்பது நினைவில் இல்லை. அந்தக் குற்ற உணர்வே என்னை இத்துறைக்கு இழுத்து வந்தது.

பழஞ்சீருடையை மதிப்பிடுவது எவ்வாறு? முதலில் பித்தானையும் சின்னத்தையும் பார்க்க வேண்டும். முடியின் வடிவம் விக்டோரியா காலத்தில் ஒன்று. 1901 முதல் 1952 வரை வேறொன்று. 1950 சனவரி 26-க்குப் பிற்பட்ட நம் படைச் சின்னங்களில் அசோகச் சிங்கம் இருக்கும். அடுத்துத் தையல்: முழுவதும் கைத்தையலாயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியாக இருக்கக்கூடும், தையல் எந்திரம் பரவியது 1850-களுக்குப் பிறகே. காக்கிச் சாயம் வெளுக்காமல் நிற்கும் முறை இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1884-இல். உட்புறத் தையலிலிருந்து ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டினால், கம்பளி மயிர் கருகும் நாற்றம் தரும். பருத்தி காகிதம்போல் எரியும். பாலியெஸ்டர் உருகி மணியாகும். உருகினால் அது உலகப் போர்க் காலத்துச் சட்டை அன்று; கோடம்பாக்கத்துப் படக் கம்பெனிக்குத் தைத்ததாக இருக்கலாம். அத்தகையவற்றையும் 'வெள்ளைக்காரன் காலத்தது' என்று விற்பார் உளர்.

அரசியல் உடைகளுக்கு இவ்வழி பயன்படாது. 1930 ஏப்ரலில் இராசாசியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களின் கதரிலும், 1946-இல் மதுரைக் கருஞ்சட்டைப் படை மாநாட்டுக்குச் சென்றவர்களின் சட்டையிலும் அரசு முத்திரை ஏது? உள்ளூர்த் தையற்காரர் தைத்தது. கறுப்பும் வீட்டிலேயே தோய்த்ததாக இருக்கும். அவற்றுக்கு அணிந்தவரின் வாய்மொழியும் அக்காலப் புகைப்படமுமே சான்று.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் பாட்டியார் ஒரு காக்கிச் சட்டையை வேப்பிலையோடு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். தம் மாமனாரின் தந்தை செர்மன் சண்டையில் அணிந்தது என்றார். வணிகர் ஒருவர் பித்தான்களுக்கு மட்டும் ஒரு தொகை பேசியிருந்தாராம். பித்தானில் இருந்த முடி இரு போர்களுக்கும் பொதுவானது. அதை நம்பி நானும் தலையசைத்திருப்பேன். உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது அரசுடைமைக்குரிய அம்புக்குறியும் 1943 என்ற எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. கழுத்துப் பட்டியில் மையால் எழுதிய படைஎண் ஒன்றும் இருந்தது.

அம்மையார் முகம் வாடிவிட்டது. பொய் சொன்னதாக நான் நினைத்துவிட்டேனோ என்று அஞ்சினார். மறுநாள் பெட்டியோடு வந்தார். அதன் அடியில் பூச்சி அரித்த அரசுத் தாள் ஒன்று, அதே எண். மாமனாரின் அண்ணன் ஒருவர் இருந்தார், விடுப்பில் வந்து பர்மாவுக்குப் போனார், மீளவில்லை என்பது அதன்பிறகே அவர் நினைவுக்கு வந்தது. பாட்டனார் ஒருவரையே சொல்லிச் சொல்லி, அவ்வீட்டார் இரு படைவீரரை ஒருவராக்கிவிட்டிருந்தனர்.

பர்மாவில் தௌக்கியான் என்னும் இடத்தில் உள்ள இரங்கூன் நினைவகத்தில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பொதுநலநாட்டுப் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலை இப்போது கணினியிலேயே பார்க்கலாம். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் கிடையாதாகையால் ஒரே பெயரில் பலர் இருந்தனர். படைஎண்ணே ஆளைக் காட்டிற்று. சட்டையையும் தாளையும் பிரித்து விற்றிருந்தால் இரண்டும் ஊமையாகியிருக்கும்.

ஆகவே அன்பர்கள் இவற்றைத் துவைக்க வேண்டா. பித்தளையைப் புளியிட்டுத் துலக்கவும் வேண்டா. துலக்கினால் எழுத்துத் தேயும். கம்பியில் தொங்கவிடாமல், கஞ்சியில்லாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் படுக்கை வசமாக வைப்பதே நன்று. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வரும். உரிமம் இல்லாதவர் அதை வாணிகம் செய்தலும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதலும் குற்றம். முதல் உலகப் போர்ச் சட்டைகள் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் பெங்களூரில் உள்ள சாப்பர் அருங்காட்சியகத்துக்கும் சென்று வரலாம்.

அம்மையார் சட்டையை விற்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவ்வீட்டில் முன்னோர்க்குப் படைத்தபோது, இலை இரண்டு போட்டதாகப் பேத்தி வந்து என்னிடம் சொன்னாள்.