மழையும் மின் வண்டியும்



தெல்தோட்டையில் வாழ்வோர்க்கு மழை அயலவன் அல்லன்; வீட்டில் ஒருவன். தென்மேற்குப் பருவம் ஓய்ந்தால் ஐப்பசியின் இடிமழை. அதன்பின் வடகீழ்ப் பருவமழை. எமது ஊருக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டதும் இம்மழையை நம்பியே. மழைநீரால் மின்சாரம் பிறப்பிக்கலாம் என 1918இல் பொறியியலாளர் சபை முன் கட்டுரை படித்தார் டி. ஜே. விமலசுரேந்திரா. அவர் கனவு கண்ட லக்சபான மின்நிலையம் பல்லாண்டுத் தடைகளுக்குப் பின் 1950இலே இயங்கலாயிற்று. 1953இல் மறைந்த அப்பெரியார் அதனைக் கண்ணாரக் காணும் பேறு பெற்றார்.

ஆக, மழை நமக்கு மின்சாரத்தைத் தந்தது. ஆனால் அதே மழை மின்சாரத்தோடு முற்றத்தில் கலக்குமாயின் விளைவது யாது? இவ்வினா அண்மையில் எமது வாசலுக்கே வந்தது.

ஓர் ஆசிரிய நண்பர் மின் வண்டியொன்று வாங்கினார். வீட்டிலே கொட்டகை இல்லை. ஐப்பசி மழையில், யன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டி முற்றத்தில் நின்ற வண்டிக்கு மின்னேற்றினார். சிறிது நேரத்தில் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. மீண்டும் போட்டார்; மீண்டும் விழுந்தது. மறுநாள் என்னிடம், “ஐயா, இந்தச் சுவிட்ச் பெருந்தொந்தரவாயிருக்கிறது. கழற்றி விட்டால் என்ன?” என்று கேட்டார். அவருக்கு நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

மின் வண்டி புதுமையன்று. பிரான்சு நாட்டின் கஸ்தோன் பிளாந்தே 1859இல் மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய மின்கலத்தை ஆக்கினார். 1881இல் குஸ்தாவ் துரூவே பாரிஸ் வீதியில் மின்சார முச்சக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1899இல் கமீல் ஜெனாற்சி மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டி ஓட்டியதும் மின் வண்டியே. பின்னர் பெற்றோல் வண்டி மலிந்தது. மின் வண்டி மறக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் அது திரும்பிற்று. 2010இல் யப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீவ், வரிச்சலுகையின் பயனாய் 2015ஆம் ஆண்டளவில் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்திறங்கியது.

ட்ரிப் சுவிட்சின் வரலாறு வேறு. ஆழ்சுரங்கங்கள் ஈரமும் மின்சாரமும் சேர்ந்து தொழிலாளர் உயிரைக் கவரும் இடங்கள். நனைந்த தோல் மின்னோட்டத்தைத் தடுக்கும் வலிமையை இழந்துவிடுகிறது. நனைந்த நிலமோ அதனை இழுத்துக்கொள்ளக் காத்திருக்கிறது. 1955 அளவில் தென்னாபிரிக்கப் பொற்சுரங்கங்களுக்கென ஹென்றி ரூபின் ஒரு காவற்கருவியை அமைத்தார். அமெரிக்கப் பேராசிரியர் சாள்ஸ் டல்சீல், மனிதவுடல் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என ஆராய்ந்து, 1961இல் மிக நுண்ணிய கருவியொன்றை ஆக்கினார். ஐக்கிய அமெரிக்காவின் மின்சார விதிகள் 1968இல் நீச்சற்குள விளக்குகளுக்கும், 1973இல் வீட்டுக்கு வெளியிலுள்ள பிளக் பொயின்றுகளுக்கும் இக்காவலைக் கட்டாயமாக்கின.

இதன் தத்துவம் எளிது. ஒரு வயரில் சென்ற மின்னோட்டம் மற்ற வயரில் முழுதாகத் திரும்புதல் வேண்டும். குறைந்தால், அது ஈரத்தின் வழியாகவோ மனிதவுடல் வழியாகவோ நிலத்துக்குப் போகின்றது என்பது பொருள். வீடுகளில் வழக்கமாகப் பொருத்தப்படும் கருவி, 30 மில்லியம்பியர் குறைந்ததுமே, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். நண்பரின் சுவிட்ச் தொந்தரவு செய்யவில்லை. “இங்கே ஒழுக்கு உண்டு” என்று கூவியது.

அப்படியாயின் மழையில் மின்னேற்றலாகாதோ? அவ்வாறன்று. வண்டியில் செருகும் கைப்பிடி மழையை எண்ணியே ஆக்கப்பட்டது. 2010இல் அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் ஏற்றுக்கொண்டதும் லீவ் வண்டியிலே காணப்படுவதுமான அமைப்பில் ஐந்து முனைகள் உள்ளன. இரண்டு மின்னோட்டத்துக்கு, ஒன்று புவித்தொடுப்புக்கு, எஞ்சிய இரண்டும் செய்தி பரிமாறுவதற்கு. வண்டியும் மின்னேற்றப் பெட்டியும் பேசி இணங்கிய பின்னரே மின்சாரம் பாயும். கைப்பிடியின் பொத்தானை அழுத்தினாலோ மின்னோட்டம் முதலில் நின்றுவிடும். ஆகவே கையில் வெறுமனே இருக்கும் கைப்பிடியின் முனைகளில் மின்சாரம் இல்லை.

ஆனால், நேயர்களே, வயரின் மறுமுனை இவ்வறிவு அற்றது. சுவரிலுள்ள பிளக் பொயின்றில் எந்நேரமும் 230 வோல்ற் நிற்கிறது. மழை வந்தது அதற்குத் தெரியாது. நண்பரின் முற்றத்தில் ஒழுகியதும் வண்டியன்று. புல்லின்மேல் நனைந்து கிடந்த எக்ஸ்டென்ஷன் வயரின் இணைப்பே. மேலும், லீவ் வண்டியின் 24 கிலோவாற்று மணி மின்கலத்தை 10 அம்பியரில் நிரப்பப் பத்து மணித்தியாலத்துக்கு மேலாகும். மெல்லிய வயர், அதிலும் சுருட்டிய வயர், அத்தனை நேரம் சுமை தாங்காது, சூடேறும்.

ஆதலின் செய்யத்தக்கவை சில. எக்ஸ்டென்ஷன் வயரைத் தவிர்க்க. தகுதிபெற்ற மின்தொழிலாளரைக் கொண்டு, மழைக்கு ஏற்ற மூடியுடைய பிளக் பொயின்றைத் தனி வயரோடும் நல்ல புவித்தொடுப்போடும், மின் வண்டிக்குரிய வகை ட்ரிப் சுவிட்சோடும் அமைத்துக்கொள்க. மின்னேற்றப் பெட்டியை நீர் தேங்காத உயரத்தில் தொங்கவிடுக. வெடித்த வயரையும் உடைந்த கைப்பிடியையும் மழைநாளில் மட்டுமன்று, என்றுமே தொடற்க. இடிமுழக்கம் நெருங்குமுன் வண்டியைக் கழற்றிவிடுக. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறையேனும் அழுத்திப் பார்க்க.

நண்பர் சுவிட்சைக் கழற்றவில்லை, வயரைக் கழற்றினார். இப்பொழுது அவர் முற்றத்துச் சுவரில் மூடியுள்ள சிறு பெட்டியொன்று இருக்கிறது. எங்கோ இருளில், ஈரச் சுரங்கங்களில் உழைத்த முகமறியா மனிதரின் துயரத்திலிருந்து பிறந்த காவல், இன்று தெல்தோட்டை மழையில் ஒரு குடும்பத்தைக் காத்து நிற்கின்றது. அக்காவலன் கூவும்போது வாயை அடைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.