அறை அறையாகப் பிரிந்த கணினி: கியூப்ஸ் ஓஎஸ்-ஐ 'சால்ட்' மூலம் அமைப்பது எப்படி?

வங்கிக் கணக்கு, அலுவலக வேலை, முன்பின் தெரியாதவர் மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பு. இவை மூன்றையும் பெரும்பாலானோர் ஒரே மடிக்கணினியில்தான் திறக்கின்றனர். அந்தக் கோப்பில் நச்சுநிரல் இருந்தால், மற்ற இரண்டும் அதன் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. இந்த ஆபத்தைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்டதே 'கியூப்ஸ் ஓஎஸ்' எனும் இலவச, திறமூல இயங்குதளம்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு வீட்டுக்கும் இடையே செங்கல் சுவர் உண்டு. ஒரு வீட்டில் பிடித்த தீயை அடுத்த வீட்டுக்குப் பரவாமல் தடுக்க அந்தச் சுவர் உதவும். கியூப்ஸ் ஓஎஸ் கணினிக்குள் அத்தகைய சுவர்களை எழுப்புகிறது.

தோற்றம்

போலந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா 2010-இல் இத்திட்டத்தை அறிவித்தார். முதல் முழுப் பதிப்பு 2012-இல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஸென்' எனும் மெய்நிகராக்க மென்பொருளின் மேல் இது இயங்குகிறது. ஒவ்வொரு வேலைக்கும் 'கியூப்' எனப்படும் தனி மெய்நிகர் கணினி, அதாவது தனி அறை, ஒதுக்கப்படுகிறது. எந்தச் சாளரம் எந்த அறையைச் சேர்ந்தது என்பதை அதன் ஓரத்து வண்ணம் காட்டும்.

எல்லா அறைகளையும் நிர்வகிக்கும் தலைமை அறை 'டோம்-0'. அதற்கு இணைய இணைப்பே கிடையாது. அதை ஒருவர் கைப்பற்றினால் முழுக் கணினியும் அவர் வசமாகிவிடும் என்பதே காரணம்.

கைவேலையில் வரும் சிக்கல்

அறைகள் பெருகப் பெருகப் பராமரிப்பும் பெருகுகிறது. பொதுவாக, ஓர் அறைக்குள் நேரடியாக நிறுவிய மென்பொருள் அதை மூடித் திறந்ததும் காணாமல் போய்விடும். அந்த அறைக்கு அடிப்படையான 'வார்ப்புரு'விலேயே அதை நிறுவ வேண்டும். எந்த அறைக்கு எந்த வார்ப்புரு, எதற்கு இணையம் உண்டு, எது எதனுடன் கோப்பைப் பகிரலாம் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக முடிவு செய்ய வேண்டும்.

இங்குதான் தவறு நேர்கிறது. கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் அறைக்குத் தவறுதலாக இணையத்தை இணைத்துவிட்டால், சுவர் இருந்தும் பயனில்லை. அதோடு, கணினி பழுதாகி எல்லாவற்றையும் மறுபடி நிறுவ நேர்ந்தால், பழைய அமைப்பை நினைவிலிருந்து மீட்டெடுப்பது கடினம்.

'சால்ட்' செய்யும் வேலை

இதற்குத் தீர்வாக, 2016-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 3.1 பதிப்பில் 'சால்ட்' எனும் கருவி சேர்க்கப்பட்டது. தாமஸ் ஹாட்ச் உருவாக்கிய இக்கருவி, ஏராளமான சேவையகங்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப் பயன்படுவது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 3.2 பதிப்பு முதல், அறைகளின் உட்புற அமைப்பையும் இதன் மூலம் மாற்ற முடிகிறது.

இதில் எழுதுவது கட்டளைகளின் வரிசையை அன்று. இறுதியில் கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை. 'வங்கி என்ற பெயரில் ஓர் அறை இருக்க வேண்டும். அதன் வண்ணம் பச்சை. பெட்டகம் என்ற அறைக்கு இணையம் இருக்கக் கூடாது' என்று ஓர் உரைக் கோப்பில் குறித்துவிட்டு, டோம்-0-இல் 'கியூப்ஸ்சிடிஎல்' கட்டளையை இயக்கினால் போதும். இல்லாததை சால்ட் உருவாக்கும், மாறியிருப்பதைத் திருத்தும், சரியாக இருப்பதைத் தொடாது. எனவே ஒரே கோப்பைப் பலமுறை இயக்கலாம். எதையும் மாற்றாமல் முன்னோட்டம் பார்க்கும் வசதியும் உண்டு.

கருவியே கதவாகிவிடாமல்

தானியக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. எல்லா அறைகளுக்குள்ளும் கைவைக்கும் கருவி, தாக்குபவருக்கும் பாதையாகிவிடலாம். அதனால் டோம்-0 நேரடியாக எந்த அறையுடனும் பேசிக்கொண்டிருப்பதில்லை. ஓர் அறையை மாற்ற வேண்டியபோது தற்காலிக அறை ஒன்று திறக்கப்படுகிறது. வேலையை அதுவே செய்து, முடிவைத் தெரிவித்ததும் அழிக்கப்படுகிறது. மாற்றப்படும் அறையில் நச்சுநிரல் இருந்தாலும், அது முதலில் சந்திப்பது தலைமை அறையை அன்று. அந்தத் தற்காலிக அறையைத்தான்.

செய்தி அறைகளில்

இந்த முறையின் பயனைச் செய்தியாளர் பணியில் தெளிவாகக் காணலாம். ரகசியத் தகவல் தருபவர்கள் ஆவணங்களை அனுப்ப உதவும் 'செக்யூர்டிராப்' அமைப்பை, அமெரிக்காவின் பத்திரிகைச் சுதந்திர அறக்கட்டளை பராமரிக்கிறது. அதற்கான 'செக்யூர்டிராப் வொர்க்ஸ்டேஷன்' கியூப்ஸ் ஓஎஸ் மீது இயங்குவது. அதன் அறைகளை அமைக்க சால்ட் பயன்படுகிறது. மறைகுறி நீக்கும் சாவி இணையமற்ற தனி அறையில் இருக்கும். வந்த ஆவணம் தற்காலிக அறையில் திறக்கப்பட்டு, பார்த்து முடித்ததும் அந்த அறை அழிந்துவிடும். இதில் ஒரு சிறு பிழைக்கும் விலை கொடுப்பவர், தகவல் தந்தவராக இருக்கலாம். ஆகவே அமைப்பைச் செய்தியாளரின் நினைவாற்றலுக்கு விட்டுவிடாமல், கோப்பில் எழுதி வைக்கின்றனர்.

தொடங்கும் முன்

இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் 1972-லேயே பினாங்கில் ஆலை அமைத்தவை. கியூப்ஸ் ஓஎஸ் எழுப்பும் சுவர்கள், இந்நிறுவனங்களின் செயலிகளில் உள்ள மெய்நிகராக்க வசதியையே நம்பியுள்ளன. அவ்வசதி இல்லாத பழைய கணினிக்கு இது பொருந்தாது. நினைவகம் குறைந்தது 6 ஜிபி தேவை. 16 ஜிபி பரிந்துரைக்கப்படுகிறது. புதியவர்கள் கீழ்க்காணும் மூன்றையும் மனத்தில் கொள்வது நல்லது.

1. பிறர் எழுதிய சால்ட் கோப்புகளை அப்படியே டோம்-0-க்குள் கொண்டுவரக் கூடாது. ஒவ்வொரு வரியையும் படித்துப் புரிந்துகொண்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

2. கடவுச்சொல், ரகசியச் சாவி போன்றவற்றை அக்கோப்புகளில் எழுதக் கூடாது.

3. கியூப்ஸின் காப்புநகல் கருவி டோம்-0-இல் பயனரின் இல்ல அடைவை மட்டுமே சேமிக்கும். சால்ட் கோப்புகளோ 'எஸ்ஆர்வி' அடைவில் இருப்பவை. அவற்றைத் தனியே நகலெடுத்து வைக்காவிட்டால், கணினி பழுதாகும் நாளில் அறைகள் மீண்டாலும், அவற்றைக் கட்டிய வரைபடம் மீளாது.