பறையரும் 'பரையா'வும்

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நம்மை வைவதற்கு எடுக்கும் சொல் ஆங்கில அகராதியிலும் இருக்கிறது: 'பரையா'. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயண நூல்கள் வழியே ஆங்கிலத்துக்குப் போனபோது அது ஒரு சாதியின் பெயர். 19ஆம் நூற்றாண்டில் விலக்கிவைக்கப்பட்ட எவரையும் சுட்டும் பொதுச்சொல்லாகிவிட்டது. தெருநாயையும் விடவில்லை, அதுவும் 'பரையா நாய்'. இன்று உலக நாடுகள் ஒதுக்கும் அரசு 'பரையா அரசு'. பறை என்ற கருவி அந்தச் சொல்லில் யாருக்கும் கேட்பதில்லை. அதைவிட முக்கியம், ஒதுக்கியவர் யார் என்பதும் மறைந்துபோனது. ஒதுக்கப்படுவது அந்த மனிதரின் இயல்பு என்பதுபோல் சொல் நிற்கிறது.

நம் முன்னோர் இதே சொல்லோடு வேறுவிதமாக மல்லுக்கட்டினார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். அந்தத் துணிச்சலை நாம் இன்னும் முழுதாக உள்வாங்கவில்லை. அயோத்திதாசரோ அப்பெயர் பகைவர் சுமத்தியது என்று மறுத்து, நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்பவை போய் ஆதிதிராவிடர் வந்தது.

ஆங்கிலேயரின் அரசாங்கம் கைவிட்ட சொல்லை ஆங்கில மொழி கைவிடவில்லை. நாளேடுகள் இன்றும் அதைக் கூசாமல் தலைப்பில் போடுகின்றன, இந்தியாவில் அச்சாகிறவை உட்பட.