இரண்டாவது குமிழ்

சுங்கை பெசாரைத் தாண்டி சபாக் பெர்ணம் போகும் சாலையில் கடல் பக்கமாகத் திரும்பினால் பாகான் நக்கோடா ஓமார். பாகான் என்றால் படகுத்துறை, நக்கோடா என்றால் கப்பல் தலைவன். ஊர்க்காரர்கள் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. பி.என்.ஓ. என்றால் போதும். மீன்பிடிப் படகுகள், அதற்குப் பின்னால் வயல், அதற்கும் பின்னால் தென்னையும் செம்பனையும். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் மாமா அங்கேதான் ஒரு பலகை வீட்டில் இருக்கிறார். 1970களில் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம், தீமிதித் திருவிழா என்று கித்தார் வாசித்துத் திரிந்தவர். இப்போது அவருக்கு வலது காது கொஞ்சம் மந்தம்.

போன வருடம் என் அக்கா மகன் கைமாற்றாக வாங்கிய ஒரு மார்ஷல் பெருக்கியை மாமாவிடம் காட்ட எடுத்து வந்தான். டிஎஸ்எல்40சிஆர், வால்வு பெருக்கி, 40 வாட். இதற்கு முந்தைய டிஎஸ்எல்40சி 2012இல் வந்தது. 2018இல் மார்ஷல் அதைத் திருத்தி இந்த மாடலை வெளியிட்டது. பையன் ஒவ்வொன்றாக விளக்கினான். இதில் இரண்டு மாஸ்டர் வால்யூம். காலால் ஒரு சுவிட்சை மிதித்தால் தனி வாசிப்புக்கு ஒலி ஏறும். ஸ்பீக்கர் மாறியிருக்கிறது. ஸ்பீக்கரே இல்லாமல் நேராகக் கணினியில் பதிவு செய்ய ஒரு துளை உண்டு. வேண்டாமென்றால் பாதிச் சக்தியில், 20 வாட்டில் ஓட்டலாம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சத்தத்தக் கூட்டத்தான் நாங்க காசு குடுப்போம். நீ கொறைக்கறதுக்குக் காசு குடுத்துருக்க" என்றார்.

பையன் சிரித்தான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த ஒரு வரியில் ஐம்பது வருடக் கதை இருப்பதாகத் தோன்றியது. இரண்டு கதைகள் என்று சொல்ல வேண்டும். ஒன்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தது. மற்றது எங்கள் தோட்டத்தில்.

முதல் கதை வாக்ஸ் கம்பெனியில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் டார்ட்ஃபர்டில் டாம் ஜென்னிங்ஸ் நடத்திய கம்பெனி அது. அதன் பொறியாளர் டிக் டென்னி 1958இல் ஏசி15 என்ற 15 வாட் பெருக்கியைக் கொண்டுவந்தார். கிளிஃப் ரிச்சர்டின் பின்னணிக் குழுவான ஷாடோஸ் அதைத்தான் பயன்படுத்தியது. ஆனால் அரங்கத்தில் பெண்கள் போடும் கூச்சலுக்கு முன்னால் 15 வாட் என்ன செய்யும்? இன்னும் சத்தம் வேண்டும் என்றார்கள். சக்தியை இரட்டித்து ஏசி30 வந்தது. வந்ததும் புதுத் தொல்லை. முன்பகுதியில் இருந்த ஈஎஃப்86 என்ற வால்வு, பெரிய ஸ்பீக்கர்களின் அதிர்வு தாங்காமல் தானே கடகடத்தது. அதை எடுத்துவிட்டு ஈசிசி83 வால்வைப் போட்டு, மூன்று சேனல், ஆறு துளைகள் என்று மாற்றினார்கள். அப்போது கித்தார்க்காரர்கள் வேறொன்று சொன்னார்கள்: ஒலி மந்தமாக இருக்கிறது, கூர்மை போதவில்லை. அதற்குப் பதிலாகத்தான் 'டாப் பூஸ்ட்' பிறந்தது. டிரெபிள், பேஸ் என இரண்டு குமிழ்களும் ஒரு கூடுதல் வால்வும் கொண்ட சின்ன இணைப்பு. முதலில் பெட்டியின் முதுகில் தனியாகப் பொருத்தினார்கள். ஏற்கனவே பெருக்கி வாங்கியவர்களும் கொண்டுபோய்ப் பொருத்திக்கொண்டார்கள். 1960களின் நடுவில் அது பெட்டியோடேயே வரத் தொடங்கிவிட்டது. இன்று வாக்ஸ் ஒலி என்று உலகம் சொல்வது பெரும்பாலும் அந்த ஒட்டுப்போட்ட துண்டின் ஒலியைத்தான்.

எல்லாத் திருத்தங்களுக்கும் இந்த யோகம் இல்லை. 1965இல் ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1960களின் கடைசியில் பெருக்கிகளின் கறுப்பு முகப்பு வெள்ளி நிறமானது. உள்ளே சுற்றுகளிலும் கைவைத்தார்கள். பொறியாளர்கள் பார்வையில் எல்லாம் சரி: ஒலி சுத்தம், வால்வு நிலையாக ஓடும். கித்தார்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 'புதுசு உயிரில்லாமல் இருக்கிறது' என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோய், காசு கொடுத்துப் பழைய சுற்றுக்கே மாற்றினார்கள். புது வண்டி வாங்கி அதில் பழைய இன்ஜினை மாட்டியது மாதிரி.

இது ஏன் என்று புரிய, வால்வு வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கித்தாரிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. முன்பகுதி வால்வுகள் அதைப் பெரிதாக்கும், பின்பகுதி வால்வுகள் ஸ்பீக்கரைத் தள்ளும். அளவுக்கு மேல் திருகினால் வால்வால் அலையை முழுசாகக் கொடுக்க முடியாது. அலையின் தலை தட்டையாகிவிடும். காதுக்கு அது கரகரப்பாகவும் தடிப்பாகவும் கேட்கும். லியோ ஃபெண்டர் போன்றவர்களுக்கு அது குறை. வாசிப்பவர்களுக்கு அதுதான் ருசி. சிக்கல் ஒன்றே ஒன்று: அந்த ருசி வேண்டுமென்றால் காது கிழிகிற சத்தத்தில் வைக்க வேண்டும். 1975இல் மார்ஷல் தன் 100 வாட் மாடலில் மாஸ்டர் வால்யூம் வைத்தது இதற்காகத்தான். முன்பகுதியைத் தாறுமாறாகத் திருகலாம், வெளியே போகும் சத்தத்தை இன்னொரு குமிழால் அடக்கலாம். அதிலும் இரு கட்சி. பின்பகுதி வால்வு வியர்க்காமல் வரும் ஒலி பாதி ஒலிதான் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இனி எங்கள் கதை.

மாமா பிறந்த தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். 2007இல் அந்த ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் மாமா வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பத்தாங்தான். மலேசியாவில் செம்பனை வியாபாரத்துக்காக முதலில் நடப்பட்ட தென்னமரம் தோட்டமும் அங்கேதான். 1917இல் நட்டவர் ஹென்ரி ஃபோகோனியே, பின்னாளில் மலாயாவைப் பற்றிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவர். செம்பனையின் முதல் தோட்டத்துக்குத் தமிழர் நாக்கிலிருந்து தென்னைமரம் என்று பெயர் வந்த வேடிக்கையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸும் சிங்கப்பூர் வந்து வாசித்தார்கள். அதற்குப் பிறகு மலாய் இளைஞர்களிடம் கித்தார்க் குழுக்கள் பெருகின. 'கும்புலான் கித்தார் ரன்சாக்' என்பதைச் சுருக்கி 'குகிரான்' என்றார்கள். பாப் யே யே காலம். தமிழர்கள் அதற்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. பினாங்கிலிருந்து டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் ஆலிகேட்ஸ் குழுவைத் தொடங்கி, ஹாங்காங் கிளப்புகளில் வாசித்துத் திரும்பி, மலாய்ப் பாட்டுலகத்தையே ஆண்டார்கள். அது நகரத்துக் கதை, அதை எழுத ஆள் இருக்கிறது. லயத்து வாசலில் உட்கார்ந்து ரேடியோவைக் கேட்டு நரம்பு பிடித்தவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை.

மாமாவின் குழுவில் யாரிடமும் வாக்ஸ் இல்லை. அவர்களிடம் இருந்தது, பட்டணத்து ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் பழைய ரேடியோகிராமிலிருந்து பிடுங்கிய பாகங்களால் கட்டிக்கொடுத்த பெட்டி. "உள்ள ரெண்டு இஎல்84 பல்பு. அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு, நான்தானே வாங்கப் போவேன்" என்றார் மாமா. அவர் வால்வைப் பல்பு என்றுதான் சொல்வார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். ஏசி30இன் பின்பகுதியில் இருப்பதும் இஎல்84தான், நான்கு. அந்த வால்வு கித்தாருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. வீட்டு ரேடியோவுக்கும் கிராமஃபோனுக்கும் ஐரோப்பாவில் 1950களில் செய்யப்பட்டது. அதனால்தான் டார்ட்ஃபர்ட் பொறியாளனும் கோல சிலாங்கூர் ரிப்பேர்காரரும் ஒருவரை ஒருவர் அறியாமலேயே ஒரே பொருளைக் கையில் எடுத்திருக்கிறார்கள். கித்தார் பெருக்கியின் வரலாறு என்று எழுதப்படும் புத்தகங்களில் இந்த ரேடியோக்கடைகள் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் கட்சி.

பெட்டியில் இரண்டு துளை. ஒன்றில் கித்தார், இன்னொன்றில் பாடுகிறவரின் மைக். பேஸ் வாசிப்பவர் கோயில் மைக் செட்டில் சொருகிக்கொள்வார்.

பிறகு கரண்டு. பல தோட்டங்களில் அப்போது தோட்டத்து ஜெனரேட்டர்தான். சாயந்திரம் போட்டு, ராத்திரி குறித்த நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். திருவிழாவுக்கு மட்டும் துரையிடம் கேட்டு நேரத்தை நீட்டிக்க வேண்டும். கோயிலில் சரவிளக்கெல்லாம் எரியத் தொடங்கினால் அழுத்தம் இறங்கும், பெட்டிக்குள் வால்வு மங்கும், கித்தார் கரகரக்கும். மின்னழுத்தம் குறைந்தால் வால்வு சீக்கிரமே திணறும், அதுதான் விஷயம். 1978இல் தன் முதல் ஆல்பத்தால் உலகத்தைத் திருப்பிப் போட்ட எடி வான் ஹேலன், தன் மார்ஷலுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கவே தனியாக ஒரு கருவி வைத்திருந்தார். அவர் கருவி வைத்துத் தேடியதை எங்கள் தோட்டத்து ஜெனரேட்டர் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதை மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"அட போப்பா. அந்தக் கரகரப்புக்கு நாங்க பட்ட அவமானம் எங்களுக்குத்தான் தெரியும். பாட்டு கெட்டுடும்."

இங்கேதான் என் கதை தடம் மாறியது. வால்வு பெருக்கியின் வரலாறு என்றால் கித்தார்க்காரன் உடைந்த ஒலியைத் தேடிப்போன கதை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். மாமா கூட்டத்துக்கு வேண்டியிருந்தது அது இல்லை. சனங்கள் கேட்பது சினிமாப் பாட்டு. எம்.எஸ்.வி. போட்ட பாட்டில் கித்தார் எப்படிக் கேட்டதோ அப்படியே வர வேண்டும். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததும் கித்தார் பிடிக்கும் பையன்களுக்கெல்லாம் 'இளைய நிலா'தான் பரீட்சை. சென்னையில் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்த விரல் ஓட்டத்தில் ஒவ்வொரு சுரமும் மணி மணியாகத் தனித்தனியே கேட்க வேண்டும். பெட்டி கரகரத்தால் தீர்ந்தது. முன்வரிசையில் இருக்கும் கிராணியே, 'தம்பி, ரேடியோவுல இப்படி இல்லையே' என்பார். அமெரிக்கக் கித்தார்க்காரர்கள் உயிரில்லை என்று திருப்பிக் கொண்டுபோன அந்தச் சுத்தமான ஃபெண்டர், கோல சிலாங்கூருக்கு வந்திருந்தால் அதற்கு மாலை போட்டிருப்பார்கள்.

சத்தத்தைக் குறைக்கும் குமிழ் அவர்களுக்கு எதற்கு? ஆள் வைத்துக் கத்தினாலும் கேட்காத திடல். சுற்றிலும் பால்மரம். பக்கத்து டிவிஷன்காரனுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே வாசித்தவர்கள்.

1980களின் கடைசியில் மாமா குடும்பம் தோட்டத்தை விட்டு கிள்ளான் பக்கம் அடுக்குமாடிக்குப் போனது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததில் வேலை சுருங்கியிருந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. பெட்டியும் கூடவே போனது. நான்காவது மாடி. முதல் வாரமே பக்கத்து வீட்டிலிருந்து கதவைத் தட்டினார்கள். இரண்டாவது முறை கீழ் வீட்டுக்காரர். மூன்றாவது முறை யாரும் வரவில்லை, மாமாவே நிறுத்திவிட்டார். பெட்டியைச் சமையலறை மூலையில் வைத்து அதன்மேல் அரிசி டப்பா வைத்தார்கள். வேறு வேலை கிடைத்து மறுபடி தோட்டத்துக்கே, இந்த முறை சபாக் பெர்ணம் பக்கம், திரும்பியபோது அது பழைய இரும்புக்காரரிடம் போயிருந்தது. எவ்வளவுக்கு என்று கேட்டேன். சொல்லவில்லை.

மாஸ்டர் வால்யூம், பாதிச் சக்தி சுவிட்ச், ஸ்பீக்கர் இல்லாமல் பதியும் துளை. இவையெல்லாம் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும் இடத்தில் வாழ்கிறவர்களுக்கான வசதிகள். லண்டனிலும் அப்படித்தான், கிள்ளானிலும் அப்படித்தான். அக்கா மகனுக்கு அது வெறும் வசதி. அவன் பிறந்ததே தாமான் வீட்டில். மாமாவுக்கு அந்தக் குமிழ் 30 வருடம் தாமதமாக வந்தது. அது அன்று இருந்திருந்தால் வாசிப்பு நின்றிருக்காது என்று நினைக்கிறேன். மாமா அப்படி நினைக்கவில்லை. "வாசிக்க ஆளு இருந்துச்சு, கேக்க ஆளுதான் இல்ல. தாளம் போட்டவன் ஷா ஆலாம் போயிட்டான், பாடுனவன் செத்துட்டான். குமிழு என்னா செய்யும்?" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலை பையன் பெருக்கியை 20 வாட்டில் வைத்து, மாஸ்டரைக் குறைத்து, கித்தாரை மாமாவிடம் கொடுத்தான். விரல் ஓடவில்லை. 'இளைய நிலா' தொடக்கத்தை இரண்டு முறை பிடித்து இரண்டு முறையும் நடுவில் தவறவிட்டார். மூன்றாவது முறை நிறுத்திவிட்டு, காலை நீட்டி அந்தக் கால் சுவிட்சை மிதித்துப் பார்த்தார். இரண்டாவது மாஸ்டரை எவனோ முழுசாகத் திருகி வைத்திருக்கிறான். ஒலி படாரென்று ஏறியது. திண்ணையில் படுத்திருந்த பூனை வயல் பக்கம் ஓடிவிட்டது. மாமா சுவிட்சை மறுபடி மிதிக்கவில்லை. அப்படியே வாசித்தார், தப்புத் தப்பாக.

முடித்ததும் பெட்டியின் முதுகுப் பக்கம் குனிந்து, நல்ல காதை அருகில் வைத்துக் கேட்டார்.

"உள்ள சின்னதா இரையுது பாரு. பல்பு சொருகற எடத்தத் தொடச்சு வை. இங்க கடக்காத்து, சீக்கிரம் துரு புடிச்சிரும்."