முனையில்லாத ஆன்டெனா

வானொலி வரலாறு என்று எடுத்தால் பெரும்பாலும் குரல்களின் கதைதான் கிடைக்கும். யார் பேசினார்கள், யார் கேட்டார்கள். எனக்கென்னவோ கம்பிகளின் கதைதான் பிடிக்கும். அப்படி ஒன்று, தென் அமெரிக்காவில் எக்வடாரின் தலைநகர் கீட்டோவில் நடந்தது.

1931 கிறிஸ்துமஸ் அன்று, கிளாரன்ஸ் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மிஷனரியும் நண்பர்களும் அங்கே ஒரு கிறிஸ்தவ வானொலியைத் தொடங்கினார்கள். பெயர் எச்.சி.ஜே.பி. அன்று அந்த நாட்டில் இருந்த வானொலிப் பெட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கேட்க ஆளில்லாத ஊரில் கடை விரித்த கதைதான். ஆனால் சிற்றலைக்கு உள்ளூர்க் கூட்டம் தேவையில்லை, அது கடல் தாண்டும். 1940ல் 10 கிலோவாட் ஒலிபரப்பி வந்தபோது அந்தக் கனவு கைக்கெட்டியது.

சிக்கலும் கூடவே வந்தது. ராத்திரியில் ஆன்டெனாவின் முனைகள் ஒளிர்ந்தன, சீறின. அலுமினியக் குழாய் உருகித் துண்டு துண்டாகக் கீழே விழுந்தது.

காரணம் ஊரின் உயரம். கீட்டோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் குறைவு. காற்று மெலிந்தால் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் சக்தியும் குறையும். ஆன்டெனாக் குழாயில் மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பதோ முனையில். கூர்மையான முனை, மெல்லிய காற்று, அதிக மின்னழுத்தம். மின்சாரம் காற்றில் கசியாமல் என்ன செய்யும்?

எவ்வளவு இக்கட்டு பாருங்க. சக்தியைக் குறைத்தால் ஆன்டெனா பிழைக்கும், ஆனால் குரல் தூரம் போகாது. தூரம் போகத்தான் அந்த நிலையமே இருக்கிறது.

நிலையத்தின் பொறியாளர் கிளாரன்ஸ் மூர் முதலில் முனைகளில் உருண்டைகளை மாட்டிப் பார்த்தார். கூர்மை போனால் கசிவு குறையும் என்பது கணக்கு. ஓரளவுதான் பலித்தது. 1942ல் ஆன்டெனாப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு கடற்கரைக்கு விடுமுறை போனார். ஜெபமும் கணக்கும் அங்கே சேர்ந்தே நடந்தன. விசுவாசிகள் முதலாவதைச் சொல்வார்கள், ரேடியோக்காரர்கள் இரண்டாவதை. எனக்கு இரண்டையும் பிரிக்கத் தோன்றவில்லை.

கிடைத்த யோசனை ரொம்ப எளிமையானது: முனைதானே பிரச்சினை, முனையே இல்லாமல் செய்துவிட்டால்? கம்பியைச் சதுரமாக வளைத்து மூடினார். பின்னால் எதிரொலிப்பானாக இன்னொரு சதுரம். மின்னழுத்தம் உச்சமாகும் இடங்கள் இதிலும் உண்டு, ஆனால் அங்கே அறுபட்ட நுனி கிடையாது. தீப்பொறி அடங்கியது.

1951ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 'க்யூபிகல் குவாட்' என்ற பெயரில் உலகம் முழுக்க ஹாம் ரேடியோக்காரர்களிடம் பரவியது. மூங்கில் கழிகளும் செம்புக் கம்பியும் இருந்தால் மொட்டைமாடியிலேயே கட்டிவிடலாம், அதுதான் அதன் கவர்ச்சி. மூர் அமெரிக்கா திரும்பி இந்தியானாவில் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் கிரவுன் ஆனது. ஆமாம், நம்மூர் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் அதே கிரவுன் ஆம்ப்ளிஃபயர்தான்.

நிலையத்தின் சிற்றலைக் கோபுரங்கள் பிறகு நகருக்கு வெளியே பீஃபோ என்ற இடத்துக்குப் போய்விட்டன. அருகில் கீட்டோவின் புதிய விமான நிலையம் வரவே, 2009ல் அங்கிருந்து சர்வதேச ஒலிபரப்பை நிறுத்திக் கோபுரங்களை இறக்கினார்கள்.