தங்கவயலின் ஐந்தொகை

கோலார் தங்கவயலில் ஏறத்தாழ 120 ஆண்டுகளில் வெட்டி எடுத்த தங்கம் சுமார் 800 டன். அந்த ஊரைப் பற்றிய பெருமைப் பேச்செல்லாம் இந்த எண்ணில்தான் தொடங்கும். பாறையை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சக்கையோ 3 கோடி டன்னுக்கு மேல். தங்கம் லண்டனுக்கும் பிறகு அரசுக் கருவூலத்துக்கும் போய்விட்டது. சக்கை ஊருக்குள்ளேயே மலை மலையாக நிற்கிறது. சுரங்கத்தின் வரவு செலவை அது ஓடிய காலத்தோடும் அதன் வேலியோடும் நிறுத்திவிட்டால், செலவில் பெரும்பகுதி கணக்கில் ஏறாமலே போய்விடும். அப்படி விடுபட்டதைச் சுமப்பவர்கள், லாபத்தில் பங்கு பெறாதவர்கள். தங்கவயலின் வரலாறு இதற்கு முழுமையான சாட்சி.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கில நிறுவனத்தின் நிர்வாகத்தில் இங்கே பெரிய அளவில் வேலை தொடங்கியது. ஆழம் கூடக்கூட, நீரை இறைக்கவும் பாறையை மேலேற்றவும் அரைக்கவும் வேண்டிய விசையும் கூடிக்கொண்டே போனது. அதற்காகத்தான் 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் மின்சார வரலாற்றில் இது ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் கோடையில் ஆறு இளைத்தால் மின்சாரமும் இளைத்தது. சுரங்கங்களுக்கு ஒப்புக்கொண்ட அளவைத் தடையின்றிக் கொடுக்க நீரைத் தேக்க வேண்டியிருந்தது. மைசூர் அரசு கண்ணம்பாடியில் அணை கட்ட முனைந்ததற்குப் பாசனத்தோடு இந்தத் தேவையும் முக்கியமான காரணம். அந்த அணையை ஒட்டி மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் எழுந்த வழக்கு 1924 ஒப்பந்தம் வரை நீண்டது; அதன் எதிரொலி இன்றும் டெல்டாவில் கேட்கிறது. காவிரிச் சிக்கலுக்குத் தங்கவயல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு சுரங்கத்தின் சுற்றுப்புறம் அதன் முள்வேலியோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

வேலிக்கு உள்ளே, விலையை உடம்பு கொடுத்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து அழுத்தும் பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறி ஆட்களைக் கொன்ற விபத்துகள் இந்தச் சுரங்கங்களின் வரலாறு முழுக்க உண்டு. அதைவிடக் கொடியது, ஓசையில்லாமல் நுரையீரலில் படிந்த கல்தூசி. 1940களில் இங்கே நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் ஐந்தில் இருவருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. இந்த நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தூசியை விட்டு வந்த பிறகும் அது முற்றக்கூடும். வேலை செய்யும்வரை ஒருவர் நிறுவனத்தின் தொழிலாளி. மூச்சு வாங்கத் தொடங்கியதும் குடும்பத்தின் நோயாளி. செலவு நிறுவனத்தின் ஏட்டிலிருந்து வீட்டுக்கு இடம் மாறியது இப்படித்தான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சுரங்கம் இல்லையென்றால் அந்த மக்களின் கதி என்ன? வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித்துகள். பண்ணையடிமை வாழ்விலிருந்து தப்பி, பணமாகக் கூலி வாங்கும் வழி அவர்களுக்கு இங்கேதான் திறந்தது. இது உண்மை, இதை மறைத்து எழுதும் வரலாறு நேர்மையானதல்ல. ஆனால் வேலையைச் சுரங்கம் கொடுத்தது. மரியாதையைத் தொழிலாளர்கள் தாங்களே தேடிக்கொண்டார்கள். அயோத்திதாசர் வழிவந்த பௌத்தச் சங்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியதும், ஜி. அப்பாதுரையார் 1926 முதல் ‘தமிழன்’ இதழை இங்கிருந்து நடத்தியதும், சித்தார்த்தா புத்தகசாலை நூல்கள் வெளியிட்டதும் அவர்களுடைய முயற்சி. தங்கத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லிக் கைரேகை பதியச் சொன்னபோது, 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். பண்ணையை விடச் சுரங்கம் மேலானது என்பது பண்ணையின் கொடுமைக்குச் சான்று. சுரங்கத்தின் கடனை அது தள்ளுபடி செய்துவிடாது.

அந்தக் கடனின் அளவு சுரங்கம் மூடியபின்தான் தெரிந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் பொறுப்பேற்ற சுரங்கங்கள், பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பெரும்பாலும் ஒற்றைத் தொழிலை நம்பி வளர்ந்த நகரம், பிழைப்புக்காக நாள்தோறும் விடியுமுன் பெங்களூருக்கு ரயிலேறுகிறது. சயனைடு கலந்த சக்கை மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் கிளம்பும் தூசி, தொழிலாளர்களின் லைன் வீடுகளில் படிகிறது. வெயில் பட்ட மேற்பரப்பில் சயனைடு சிதைந்துபோகலாம். சக்கையில் கலந்த கன உலோகங்கள் அப்படிச் சிதைவதில்லை. மழைநீர் அவற்றை நிலத்துக்கும் நீர்நிலைகளுக்கும் கொண்டுசெல்கிறது.

தாது தீர்ந்தால் மூடத்தானே வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். ஆனால் தாது ஒருநாள் தீரும் என்பது முதல் குழி தோண்டும்போதே தெரிந்த செய்தி. தெரிந்தும், தங்கம் கொழித்த ஆண்டுகளில் பங்காதாயமும் அரசுக்குரிய பங்கும் பிரிக்கப்பட்டனவே தவிர, மூடிய பிறகு மண்ணைச் சீராக்கவும் மக்களுக்கு மாற்றுத் தொழில் தேடவும் போதிய நிதி ஒதுக்கப்படவில்லை. சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்ற கட்டாயம் இந்தியச் சுரங்க விதிகளில் 2003இல்தான் வந்தது. தங்கவயல் மூடி 2 ஆண்டு கழித்து. இப்போது சக்கை மேடுகளில் மிஞ்சிய தங்கத்தையும் பிற உலோகங்களையும் எடுக்கலாம் என்ற பேச்சு எழுகிறது. எடுப்பதானால், முதல் உரிமை அந்தத் தூசியை மூச்சாக இழுத்தவர்களுக்கு. நோயுற்றவர்களின் மருத்துவமும் மண்ணின் சீரமைப்பும் அந்த வருமானத்தின் முதல் செலவாக எழுதப்பட வேண்டும், மிச்சம்தான் லாபம். நாளை வேறெங்கே சுரங்கம் தோண்டினாலும் இதே வரிசைதான் நியாயமானது.